கழுதைக்கா ஓட்டு, மனிதனுக்கா? — தாமஸ் பெயின் வாழ்க்கை

ஒருவனிடம் ஒரு கோவேறு கழுதை இருக்கிறது. அதனால் அவனுக்கு ஓட்டு உண்டு.

ஒரு நாள் கழுதை செத்துப் போகிறது. அதோடு அவனுடைய ஓட்டும் போய் விடுகிறது!

இது விடுகதை அல்ல. 200 ஆண்டுகளுக்கு முன்பு, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல இடங்களில் சட்டம் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. இவ்வளவு மதிப்புள்ள சொத்து இருந்தால்தான் ஓட்டு என்று ஒரு கணக்கு. கணக்கு நிரம்பினால் அவன் குடிமகன். ஒரு காசு குறைந்தால், வரி கட்டலாம், போருக்குப் போகலாம், சாகலாம். ஓட்டு மட்டும் போட முடியாது.

அப்படியானால் ஓட்டு யாருக்குச் சொந்தம்? மனிதனுக்கா, கழுதைக்கா?

1795-ம் ஆண்டில் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டார். அவர் கச்சு தைக்கும் தொழிலாளியின் மகன். ஒரே வேலையில் இருந்து இரண்டு முறை நீக்கப்பட்டவர். அவருடைய புத்தகத்தைப் படித்து ஒரு நாடு சுதந்திரம் கேட்டது. இன்னொரு நாடு அவரைக் குற்றவாளி என்று அறிவித்தது. மூன்றாவது நாடு அவரைச் சட்டசபையிலும் உட்கார வைத்தது; சிறையிலும் அடைத்தது.

அவர் பெயர், தாமஸ் பெயின்.

பிரபுவின் ஊர்

இங்கிலாந்தில் தெட்போர்டு என்று ஒரு சிற்றூர். 1737-ம் ஆண்டு அங்கே தாமஸ் பெயின் பிறந்தார்.

தகப்பனார் ஜோசப், குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அந்தக் காலத்துச் சீமாட்டிகள் இடுப்பு சிறுத்துத் தெரிய வேண்டும் என்பதற்காக, திமிங்கல எலும்பு வைத்துத் தைத்த கச்சை இறுக்கிக் கட்டுவார்கள். அதைத் தைப்பதுதான் அவருக்குத் தொழில்.

தெட்போர்டில் சுமார் 2,000 பேர் வாழ்ந்தார்கள். அந்த ஊர், பார்லிமெண்டுக்கு இரண்டு மெம்பர்களை அனுப்பியது. ஆனால் ஓட்டுப் போட்டவர்கள் எத்தனை பேர் தெரியுமா? சுமார் 30 பேர்!

அந்த 30 பேரும் கிராப்டன் பிரபு கை காட்டிய ஆளுக்கே ஓட்டுப் போட்டார்கள். சுற்றிலும் இருந்த நிலபுலன் எல்லாம் அந்தப் பிரபு குடும்பத்தின் கையில் இருந்தது. நிலம் யாருடையதோ, ஊர் அவருடையது. ஊர் யாருடையதோ, மெம்பர் அவருடையவர்.

இதைப் பார்த்துக் கொண்டே தாமஸ் வளர்ந்தான். 13 வயதில் படிப்பு நின்றது. தகப்பனாரோடு உட்கார்ந்து கச்சு தைத்தான்.

தையல் ஊசி பிடித்த கைக்கு, கடல் மேல் ஆசை வந்தது. 19 வயதில் வீட்டை விட்டுப் போய், ஒரு போர்க் கப்பலில் சேரப் போனான். தகப்பனார் ஓடி வந்து கெஞ்சி, தடுத்து விட்டார். அந்தக் கப்பல் சண்டையில் சிக்கி, அதில் இருந்தவர்களில் மிகப் பலர் மாண்டார்கள். தாமஸ் தப்பினான். ஆனாலும் ஆசை விடவில்லை. பிறகு வேறொரு கப்பலில் ஏறிப் போய் வந்தான்.

50 பவுன் சம்பளம்

1759-ல் மேரி என்ற பெண்ணை மணந்து கொண்டார். அடுத்த வருஷமே அவள் இறந்து போனாள். கச்சுத் தொழிலும் நொடித்தது.

கலால் இலாகாவில் ஒரு சின்ன உத்தியோகம் கிடைத்தது. சாராயம், புகையிலை, தேயிலை இவற்றுக்குச் சரியாக வரி கட்டுகிறார்களா என்று குதிரையில் சுற்றிச் சோதிக்க வேண்டும். 1765-ல், போகாத இடத்துக்குப் போனதாகக் கணக்கு எழுதினார் என்று குற்றம் சாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். மன்னிப்புக் கேட்டு மனுப் போட்டு, மறுபடியும் உத்தியோகம் வாங்கினார். லூயிஸ் என்ற ஊரில் குடியேறி, இரண்டாவது கல்யாணமும் செய்து கொண்டார்.

கலால் உத்தியோகஸ்தர் சம்பளம் வருஷத்துக்கு 50 பவுன். (பவுன் என்பது இங்கே இங்கிலாந்து நாட்டு நாணயம்.) குதிரைத் தீனி, வரி, வெளியூர்ச் செலவு எல்லாம் அதிலேதான். போக மிச்சம், நாளைக்கு இரண்டு ஷில்லிங் கூடத் தேறாது.

மற்ற உத்தியோகஸ்தர்கள் பெயினிடம் வந்தார்கள். நீதான் நன்றாக எழுதுகிறாய், சர்க்காருக்கு ஒரு விண்ணப்பம் எழுது என்றார்கள். 1772-ல் எழுதினார். 4,000 பிரதி அச்சிட்டு, லண்டனுக்கு எடுத்துப் போய், மெம்பர்களுக்குக் கொடுத்தார்.

அதில் அவர் சொன்ன விஷயம் கவனிக்கத் தக்கது. வயிறு நிறைந்தவனுக்கு நேர்மையைப் பற்றிப் பேசுவது சுலபம். பசித்த வயிற்றில் நேர்மை தங்காது. கள்ளக் கடத்தல்காரன் நீட்டும் லஞ்சம், வீட்டில் குழந்தை அழும்போது லஞ்சமாகத் தெரியாது. இதுதான் அவர் வாதம். பிற்காலத்தில் அவர் எழுதிய எல்லாவற்றுக்கும் இதுவே விதை.

பார்லிமெண்டு, விண்ணப்பத்தைப் புரட்டிக் கூடப் பார்க்கவில்லை. நிலக்கிழார்களும் பெரு வியாபாரிகளும் நிறைந்த சபைக்கு, 50 பவுன்காரனின் பசி என்ன தெரியும்?

1774-ல் வேலை போயிற்று. வைத்திருந்த சின்னப் புகையிலைக் கடை ஏலம் போயிற்று. மனைவியும் பிரிந்து போனாள். வயது 37. கையில் மிஞ்சியது, லண்டனில் பழக்கமான பெஞ்சமின் பிராங்க்ளின் கொடுத்த ஒரு சிபாரிசுக் கடிதம்.

பெயின் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்.

ஆற்காட்டு வீரரைப் பற்றி ஒரு கட்டுரை

1774 நவம்பர் 30-ந் தேதி கப்பல் பிலடெல்பியா துறைமுகத்தை அடைந்தது. வழியில் கடும் காய்ச்சல். நடக்க முடியாத பெயினைத் தூக்கித்தான் இறக்கினார்கள்.

உடம்பு தேறியதும் ஒரு மாதப் பத்திரிகையில் வேலை கிடைத்தது. அதில் அவர் எழுதிய கட்டுரை ஒன்று, நமக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றியது. சென்னையில் கம்பெனி குமாஸ்தாவாக வந்து, ஆற்காட்டு முற்றுகையில் பெயர் வாங்கி, வங்காளத்தில் பெரும் பணம் சேர்த்துப் போன ராபர்ட் கிளைவ், 1774-ல் லண்டனில் மாண்டார். அந்த வாழ்வையும் சாவையும் பற்றி, 1775-ல் பெயின் எழுதினார். இந்தியாவில் வாங்கிய செல்வத்துக்கு ஈடாக, எத்தனை வீடுகள் பாழாயின என்று அதில் வருந்தினார்.

அடுத்த ஆண்டு, 1776 ஜனவரி 10-ந் தேதி, 'காமன் சென்ஸ்' என்ற சிறு புத்தகம் வெளியாயிற்று. முதல் பதிப்பில் எழுதியவர் பெயர் இல்லை. பிறப்பினால் ஒருவன் ராஜா ஆவது எப்படி நியாயம், ஒரு தீவு ஒரு பெருங்கண்டத்தை ஆள்வது எப்படி முறை என்று கேட்டது அந்தப் புத்தகம். பெரிய படிப்பாளிகளின் நடையில் அல்ல. கொல்லனும் தச்சனும் உட்கார்ந்து கேட்டால் புரியும் நடையில்.

மூன்றே மாதத்தில் 1,20,000 பிரதி விற்றதாக அவரே கணக்குச் சொன்னார். கணக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஆனால் சந்தையிலும் சத்திரத்திலும் படிக்கத் தெரிந்தவன் படிக்க, தெரியாதவன் கேட்டான் என்பது உண்மை. தம் பங்கு லாபத்தை, குளிரில் நின்ற படை வீரர்களுக்குக் கம்பளிக் கையுறை வாங்க என்று ஒதுக்கினார் பெயின்.

அந்த ஆண்டு ஜூலையில் அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்தது. டிசம்பரில் வாஷிங்டனின் படை தோற்றுப் பின்வாங்கிய போது, பெயின் படையோடு நடந்து கொண்டே இன்னொரு பிரசுரம் எழுதினார். அதைச் சோர்ந்து கிடந்த வீரர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள்.

ஆடம்சின் கோபம்

ராஜா வேண்டாம். சரி, பிறகு ஆள்வது யார்?

மக்கள் என்றார்கள் எல்லோரும். யார் அந்த மக்கள் என்ற இடத்தில்தான் சண்டை வந்தது.

ஒரே சபை போதும், அடிக்கடி தேர்தல் வைக்க வேண்டும், சாதாரண மனிதனும் அதில் உட்கார வேண்டும் என்பது பெயின் கொடுத்த திட்டம்.

ஜான் ஆடம்ஸ் இதைப் படித்து விட்டுக் கொதித்தார். ஆடம்ஸ் வக்கீல், நிலம் உள்ளவர், சுதந்திரப் போரில் முன் நின்றவர், பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதி ஆனவர். பெயினுக்குப் பதில் போல அவரும் ஒரு புத்தகம் எழுதினார். பெயின் அவர் தங்கியிருந்த இடத்துக்கே போய் வாதாடி விட்டு வந்தார்.

ஒரு சபை மட்டும் இருந்தால் அது தறிகெட்டுப் போகும். அதைக் கட்டுப்படுத்த இன்னொரு சபை வேண்டும் என்பது ஆடம்சின் கருத்து. சொத்து இல்லாதவனுக்குச் சொந்தப் புத்தி இராது, அவன் படியளக்கிறவன் சொல்லுக்குத் தலை ஆட்டுவான் என்றும் அவர் நினைத்தார். இன்றைக்கு அவனுக்கு ஓட்டுக் கொடுத்தால், நாளைக்குப் பெண்களும் கேட்பார்கள், சிறுவர்களும் கேட்பார்கள் என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். (பெண்கள் கேட்கத்தான் செய்தார்கள்!)

ஆடம்ஸ் கெட்டவர் அல்ல. லஞ்சம் வாங்காதவர். ஆனால் அவர் நின்ற இடத்தில் இருந்து பார்த்தால், கடன்பட்டவர்கள் ஒன்று கூடி, கடன் கொடுத்தவர்களின் பத்திரத்தைக் கிழித்து விடுவார்கள் என்ற பயம் தெரிந்தது. பெயின் நின்ற இடத்தில் இருந்து பார்த்தால், தெட்போர்டு தெரிந்தது.

அந்தக் காலத்தில் படித்தவர்கள் பலருக்கு, ஜனநாயகம் என்ற சொல்லே கெட்ட சொல். கூச்சல் போடும் கும்பலின் ஆட்சி என்று அதற்கு அர்த்தம் சொன்னார்கள்.

பென்சில்வேனியா ராஜ்யத்தில் பெயினின் நண்பர்கள் கை ஓங்கியது. 1776-ல் அங்கே எழுதிய அரசியல் சட்டத்தில் ஒரே சபை. 21 வயதாகி, ஓராண்டு குடியிருந்து, வரி கட்டிய ஆண்கள் அனைவருக்கும் ஓட்டு. மசோதாவை அச்சடித்து மக்கள் பார்வைக்கு வைத்த பிறகே சட்டமாக்க வேண்டும் என்றும் விதித்தார்கள். அக்கால உலகில் இது பெரிய புதுமை.

மாவு விலை

ஆனால் 1779-ல் பிலடெல்பியாவில் புது வினை முளைத்தது. போருக்காகச் சர்க்கார் நோட்டு நோட்டாக அடித்துத் தள்ளியது. நோட்டின் மதிப்பு விழுந்தது. மாவு விலையும் துணி விலையும் ஏறின. போர் முனையில் இருந்து திரும்பிய வீரன், கடைக்குப் போய் வெறுங்கையோடு வந்தான்.

ராபர்ட் மோரிஸ் என்பவர், ஊரில் முதல் பணக்காரர். ஒரு கப்பல் சரக்கை மொத்தமாகக் கைப்பற்றி விலையை ஏற்றுகிறார் என்று அவர் மேல் மக்களுக்குச் சந்தேகம். ஊர்க் கூட்டம் போட்டு, விசாரணைக் குழு வைத்தார்கள். பெயின் அதில் ஒரு உறுப்பினர்.

அப்போது இரண்டு குரல்கள் எழுந்தன. இரண்டுமே சுதந்திரத்தின் பெயரால் பேசின.

சரக்கு எங்களுடையது, விலை வைப்பது எங்கள் உரிமை, அதில் கை வைத்தால் ராஜாவின் கொடுமைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று வியாபாரிகள் கேட்டார்கள்.

நாட்டுக்காக ரத்தம் சிந்தினோம். எங்கள் பிள்ளைகளுக்கு ரொட்டி வாங்க முடியாவிட்டால் இது யார் வீட்டுச் சுதந்திரம் என்று வீரர்கள் கேட்டார்கள்.

விலைக் கட்டுப்பாடு நிலைக்கவில்லை. விலை கட்டுப்படியாகாத குடியானவன், மாவைச் சந்தைக்கே கொண்டு வரவில்லை. அக்டோபர் 4-ந் தேதி, கோபம் கொண்ட வீரர்கள் ஜேம்ஸ் வில்சன் என்ற வக்கீலின் வீட்டை முற்றுகை இட்டார்கள். மோரிசும் நண்பர்களும் உள்ளே இருந்தார்கள். துப்பாக்கி வெடித்தது. இரு பக்கமும் ஆட்கள் செத்தார்கள். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர் வில்சன். அவர் வீட்டு வாசலில், சுதந்திரப் போர் வீரனின் பிணம்!

பாங்கித் தகராறு

இதற்குப் பிறகு நடந்ததுதான் பெயினின் வாழ்க்கையில் சிக்கலான பகுதி. அவரைப் புகழ்கிறவர்கள் பலர் இதைத் தாண்டிப் போய் விடுவார்கள்.

1780-ல் படைக்குச் சோறு இல்லை. பெயின் அப்போது பென்சில்வேனியா சட்டசபையில் குமாஸ்தா. தம் சம்பளத்தில் இருந்து 500 டாலர் எடுத்து, படை நிதிக்கு முதல் பணமாகப் போட்டார். வியாபாரிகளும் போட்டார்கள். அந்த ஏற்பாடு வளர்ந்து, பின்னால் பாங்கியாக ஆயிற்று. பாங்கியின் சூத்திரதாரி யார்? அதே ராபர்ட் மோரிஸ்!

1782-ல் மோரிஸ், பெயினுக்கு ஆண்டுக்கு 800 டாலர் கொடுத்து, மத்திய சர்க்காருக்கு ஆதரவாக எழுதச் சொன்னார். வாஷிங்டனுக்கும் இது தெரியும். ஆனால் வெளியே சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு வழி இல்லாத பெயின், வாங்கிக் கொண்டார்.

1785-ல் தகராறு வெடித்தது. உள்நாட்டுக் குடியானவர்களுக்குக் கடன் தேவை. பாங்கியோ, நகரத்து வியாபாரிகளுக்கு மட்டும், குறுகிய காலக் கடன் கொடுத்தது. குடியானவர்களின் பிரதிநிதிகள் சட்டசபையில் பாங்கியின் அனுமதிப் பத்திரத்தை ரத்து செய்தார்கள். சர்க்கார் நோட்டு அடித்துக் கடன் கொடுக்கட்டும் என்றார்கள். பெரும்பான்மை அவர்கள் பக்கம்.

ஏழை மக்களின் நண்பர் பெயின் யார் பக்கம் நின்றார்? பாங்கியின் பக்கம்!

சட்டசபை எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தை அடுத்த சட்டசபை கிழித்தால், யாரும் யாரையும் நம்ப முடியாது என்று வாதாடினார். நோட்டு அடித்தால் மறுபடியும் கூலிக்காரன்தான் ஏமாறுவான் என்றார். 1779-ல் கண்ணால் பார்த்தவர் ஆயிற்றே! ஆனால் பழைய நண்பர்கள் கேட்கவில்லை. மோரிஸ் உப்பைத் தின்றவர் வேறு எப்படிப் பேசுவார் என்று பத்திரிகைகளில் ஏசினார்கள்.

காசுக்கு விலை போனார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் அவர் பழகியது நகரத்துத் தொழிலாளிகளோடு. நகரத்துத் தொழிலாளிக்குப் பாங்கியும் வியாபாரமும் வேண்டும். காட்டை வெட்டி உழுதவனுக்கு நீண்ட நாள் கடன் வேண்டும். பெயினும் தாம் நின்ற இடத்தில் இருந்துதான் பார்த்தார். பாங்கி 1787-ல் மறுபடியும் பத்திரம் பெற்றது. ஒற்றைச் சபைச் சட்டத்தையும் 1790-ல் மாற்றி, இன்னொரு மேல் சபையைக் கட்டி விட்டார்கள். அதை எழுதியதில் முன் நின்றவர், வில்சன்.

சென்னைக் கவர்னரின் கொள்ளுப்பேரன்

1787-ல் பெயின் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். இரும்புப் பாலம் கட்டும் திட்டம் ஒன்று வைத்திருந்தார். பாலம் கட்டப் போனவரைப் பிரெஞ்சுப் புரட்சி இழுத்துக் கொண்டது.

1790-ல் எட்மண்ட் பர்க் அந்தப் புரட்சியைத் தாக்கிப் புத்தகம் எழுதினார். பெரிய சொத்து நாட்டின் நங்கூரம். கொந்தளிக்கும் கூட்டத்திடம் இருந்து அதைக் காக்க வேண்டும். சட்டசபையில் அதற்குத் தனிப் பலம் வேண்டும் என்பது அவர் கொள்கை.

பெயின் 1791-ல் 'மனித உரிமைகள்' என்ற புத்தகத்தால் பதில் கொடுத்தார். இங்கிலாந்தின் பார்லிமெண்டு யாருடையது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 60,000 பேர் வாழும் மான்செஸ்டர் நகருக்கு ஒரு மெம்பரும் கிடையாது. மூன்று வீடு கூட இல்லாத பழைய சாரம் என்ற மேட்டுக்கு இரண்டு மெம்பர்!

அந்த மேட்டின் கதை நம்மூரோடு தொடர்புடையது. அதை விலைக்கு வாங்கியவர் தாமஸ் பிட். இந்திய வியாபாரத்தில் பணம் பண்ணியவர். பிறகு 1698-ல் சென்னைக் கோட்டைக்குக் கவர்னராகவும் வந்தார். மேட்டை வாங்கினால் பார்லிமெண்டில் இரண்டு நாற்காலி இலவசம். அந்த நாற்காலியில் இருந்து அவர் பேரன் அரசியலில் ஏறினார். பிரதம மந்திரி ஆனார். 1791-ல் பிரதம மந்திரியாக இருந்தவர் கொள்ளுப்பேரன், இளைய வில்லியம் பிட். அப்போதும் மேடு அந்தக் குடும்பத்திடமே இருந்தது.

இன்னொருவர் பால் பென்பீல்டு. ஆற்காட்டு நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்தவர். அந்தக் கடனுக்குத் தஞ்சைச் சீமையின் விளைச்சலைக் கேட்டு நின்றவர். 1780-ல் இங்கிலாந்தில் ஒரு தொகுதியைப் பிடித்துப் பார்லிமெண்டுக்குப் போனார். அவர் எட்டு மெம்பர்களை உண்டாக்கினார் என்று 1785-ல் பார்லிமெண்டில் குற்றம் சாட்டியவர் யார் தெரியுமா? பெயினின் எதிராளி பர்க்தான்! தமிழ்நாட்டு உழவன் வியர்வையில் சீமை மெம்பர் முளைப்பதைப் பொறுக்காதவர், தாம் ஒரு பிரபுவின் கைக்குள் இருந்த தொகுதியில் இருந்துதான் அப்போது சபைக்கு வந்து கொண்டிருந்தார். மனித மனம் விசித்திரமானது.

மிட்டாய் மடித்த காகிதம்

புத்தகத்தின் முதல் பாகம் மூன்று ஷில்லிங். பண்ணைக் கூலியாளுக்கு அது இரண்டு நாள் கூலி. அந்த விலையில் விற்ற வரை சர்க்கார் சும்மா இருந்தது. 1792-ல் இரண்டாம் பாகம் வந்தது. மலிவுப் பதிப்புகள் ஆறு பென்சுக்குப் பரவின. உடனே சர்க்கார் விழித்துக் கொண்டது.

வழக்கு மன்றத்தில் சர்க்கார் வக்கீல் இதை மறைக்கவே இல்லை. படித்தவர்கள் கையில் இருந்தால் பரவாயில்லை. குழந்தைகளின் மிட்டாயைக் கூட இந்தக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறார்களே என்று முறையிட்டார்.

இரண்டாம் பாகத்தில் அப்படி என்ன இருந்தது? வரவு செலவுத் திட்டம் இருந்தது! ஏழைக் குடும்பத்தில் 14 வயதுக்கு உட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் ஆண்டுக்கு 4 பவுன். 50 வயது கடந்த ஏழைக்கு ஆண்டுக்கு 6 பவுன். 60 கடந்தால் 10 பவுன். பணம் எங்கிருந்து? போர்ச் செலவைக் குறை. அரண்மனைச் செலவைக் குறை. பெரிய எஸ்டேட்டுகளுக்கு ஏறு வரிசையில் வரி போடு. இது பிச்சை அல்ல, வரி கட்டியவனின் உரிமை என்று அழுத்திச் சொன்னார்.

ராஜாவைத் திட்டியதை விட, இந்தக் கணக்குத்தான் பிரபுக்களைச் சுட்டது.

ஊர் ஊராகப் பெயினின் கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். 1792 செப்டம்பரில் அவர் டோவர் துறைமுகத்தில் கப்பல் ஏறிப் பிரான்சுக்குப் போனார். டிசம்பரில், ஆள் இல்லாமலே வழக்கை நடத்தினார்கள். ஜூரிகள் எழுந்து போய் யோசிக்கக் கூட இல்லை. குற்றவாளி என்றார்கள்.

(பழைய சாரம் 1832-ல் ஒழிந்தது. அப்போதும் ஓட்டு வீட்டு வாடகை மதிப்பைப் பார்த்தே கொடுக்கப்பட்டது. இங்கிலாந்தில் ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு வந்தது 1918-ல். பெண்களுக்குச் சமமாக வந்தது 1928-ல். நம் நாட்டிலும் வெள்ளையர் காலத்தில் வரி, சொத்து, படிப்புப் பார்த்துத்தான் ஓட்டு. வயது வந்த அனைவரும் ஓட்டுப் போட்ட முதல் பொதுத் தேர்தல் 1951-52-ல் நடந்தது.)

கதவில் ஒரு குறி

பிரான்சில் அவருக்கு ராஜ வரவேற்பு. பிரெஞ்சு மொழி பேசத் தெரியாதவரைப் பல மாவட்டங்கள் போட்டி போட்டுத் தேர்ந்தெடுத்தன. பெயின் தேசிய சபையில் அமர்ந்தார்.

மன்னன் 16-ம் லூயியைக் கொல்லக் கூடாது, அமெரிக்காவுக்கு நாடு கடத்தினால் போதும் என்று அவர் வாதாடினார். முடியாட்சியை அடியோடு வெறுத்தவர், முடி இழந்த மனிதனுக்காகக் கெஞ்சினார். தீவிரவாதிகளுக்கு இது பொறுக்கவில்லை. 1793 டிசம்பர் 28-ந் தேதி, அன்னியர் என்று சொல்லிச் சிறையில் அடைத்தார்கள்.

பாரிசில் அமெரிக்கத் தூதராக இருந்தவர் கவர்னியர் மோரிஸ். பாங்கி மோரிசுக்கு உறவு அல்ல, ஆனால் அவர் இலாகாவில் துணையாக இருந்தவர், பெரும் பணக்காரர். பெயினை மீட்க அவர் வேகம் காட்டவில்லை.

கொலைக்கு உரியவர்களின் அறைக் கதவில், இரவில் சுண்ணாம்புக் கட்டியால் குறி போடுவார்கள். பெயினுக்குக் கடும் காய்ச்சல். காற்றுக்காகக் கதவு வெளிப்பக்கமாகத் திறந்து கிடந்தது. குறி போட்டவன், கதவின் உள்பக்கத்தில் போட்டு விட்டுப் போனான். பிறகு கதவை மூடினார்கள். குறி உள்ளே மறைந்தது. காலையில் வந்தவர்கள் தாண்டிப் போனார்கள். இதைப் பெயினே பின்னால் எழுதியிருக்கிறார்.

சில நாளில் ரோபஸ்பியர் வீழ்ந்தார். புதிய அமெரிக்கத் தூதர் மன்றோவின் முயற்சியால், 1794 நவம்பரில் பெயின் வெளியே வந்தார்.

நோயாளியின் பேச்சு

1795-ல் பிரான்சு புதிய அரசியல் சட்டம் எழுதியது. தலைகள் உருண்ட பயம் தெளியவில்லை. ஏழைகள் அரசியலுக்கு வந்ததால்தான் ரத்தம் ஓடிற்று என்று சபையில் பெரும்பாலோர் நினைத்தார்கள். சொத்துக்காரர்கள் ஆண்டால்தான் ஒழுங்கு இருக்கும் என்று பேசினார்கள். நேர் வரி கட்டாதவனுக்கு ஓட்டு இல்லை. மெம்பர்களைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு அதற்கு மேலும் சொத்து வேண்டும் என்று எழுதினார்கள்.

ஜூலை மாதம் பெயின் சபைக்கு வந்தார். சிறையில் வந்த நோய் தீரவில்லை. அவர் மேடையில் நிற்க, பேச்சின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை வேறொருவர் வாசித்தார். வரி கட்டுகிறவர்கள் மட்டும்தான் குடிமக்கள் என்றால், மீதி மக்களை என்ன பெயர் சொல்லி அழைக்கப் போகிறீர்கள் என்பது அவர் கேள்வி.

சபை கேட்டது. யாரும் ஆதரித்துப் பேசவில்லை.

கோவேறு கழுதையின் உதாரணம், அதே சமயத்தில் அவர் வெளியிட்ட பிரசுரத்தில் வருகிறது. சொத்து எப்படி வந்தது என்று சட்டம் கேட்பதில்லை. திருடிச் சேர்த்தவனுக்கும் ஓட்டு உண்டு, உழைத்து இழந்தவனுக்கு இல்லை என்றும் அதில் எடுத்துக் காட்டினார். இவ்வளவும் சொன்னவர், ஓட்டுப் பேச்சில் பெண்களை மட்டும் மறந்தே போனார்.

15 பவுன்

ஆனால் பின்னால் வந்த ஒரு புத்தகத்தில் மறக்கவில்லை. 1797-ல் வெளியான அந்த நூல் நிலத்தைப் பற்றியது.

பூமியை யாரும் செய்யவில்லை. அது முதலில் எல்லோருக்கும் பொது. உழுதவன் தன் உழைப்பால் வந்த விளைவுக்குச் சொந்தக்காரன், மண்ணுக்கு அல்ல. ஆகவே நிலத்தைப் பிடித்து வைத்திருப்பவன், மற்றவர்களுக்கு வாடகை பாக்கி வைத்திருக்கிறான். இப்படிப் போகிறது வாதம்.

நிலத்தைப் பறிக்கச் சொல்லவில்லை. சொத்துக்காரன் இறக்கும் போது பத்தில் ஒரு பங்கை வரியாக எடுத்துப் பொது நிதியில் சேர்க்கச் சொன்னார். அதில் இருந்து 21 வயதாகும் ஒவ்வொருவருக்கும், ஆணானாலும் பெண்ணானாலும், 15 பவுன் கொடுக்க வேண்டும். 50 வயது கடந்த எல்லோருக்கும் ஆண்டுக்கு 10 பவுன். ஏழை, பணக்காரன் என்ற பேதம் கிடையாது. ஒரு மாடும் உழவுக் கருவிகளும் வாங்க முதல் இருந்தால், ஒருவன் யார் வாசலிலும் கை கட்டி நிற்க வேண்டாம் என்பது கணக்கு.

சொத்து இல்லாதவனுக்குச் சொந்தப் புத்தி இராது என்று ஆடம்ஸ் சொன்னார் அல்லவா? அதற்கு இருபது வருஷம் கழித்து வந்த பதில் என்று இதைச் சொல்லலாம். ஓட்டைப் பறிப்பதற்குப் பதில், கொஞ்சம் முதல் கொடுத்துப் பாருங்கள் என்றார் பெயின்.

எந்தச் சர்க்காரும் கொடுக்கவில்லை. இங்கிலாந்தில் முதியோருக்கு முதன் முதலாகப் பென்ஷன் கொடுத்தது 1909 ஜனவரியில். அதுவும் 70 வயது ஆன ஏழைகளுக்கு மட்டும், வாரம் அதிக பட்சம் 5 ஷில்லிங்.

ஓட்டுச் சாவடியில்

1802-ல் பெயின் அமெரிக்காவுக்குத் திரும்பினார். ஜனாதிபதி ஜெபர்சன் அழைத்தார். ஆனால் ஊர் வரவேற்கவில்லை. மதகுருமார்களைத் தாக்கி அவர் எழுதிய நூல், பக்தர்களைப் புண்படுத்தியிருந்தது. வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள், தெருவில் ஏசினார்கள்.

நியூயார்க்குக்கு அருகே நியூ ரோஷல் என்ற ஊரில் அவருக்கு ஒரு பண்ணை இருந்தது. போர்க் காலச் சேவைக்காக நியூயார்க் சட்டசபை 1784-ல் கொடுத்த நிலம். சொத்துக் கணக்குப்படி பார்த்தாலும் அவருக்கு ஓட்டு உண்டு.

1806-ல் தேர்தல் வந்தது. பெயின் ஓட்டுப் போடப் போனார். தேர்தல் அதிகாரி சீட்டை வாங்கவில்லை. நீர் அமெரிக்கர் அல்ல. பாரிஸ் சிறையில் கிடந்த போது அமெரிக்கத் தூதரே உம்மைத் தம் நாட்டவர் என்று கேட்டு வாங்கவில்லையே என்றார்!

'காமன் சென்ஸ்' எழுதியவருக்கு ஓட்டு இல்லை. வழக்குப் போட்டார். பலிக்கவில்லை.

1809 ஜூன் 8-ந் தேதி பெயின் இறந்தார். வயது 72. தங்கள் இடுகாட்டில் புதைக்கக் குவேக்கர்கள் சம்மதிக்கவில்லை. பண்ணை நிலத்தின் மூலையில் குழி வெட்டினார்கள். பாரிசில் அவருக்கு இடம் கொடுத்த நண்பரின் மனைவி போன்வில் அம்மாளும் அவர் மகனும் வந்தார்கள். ஒரு குவேக்கர் நண்பரும் இரண்டு நீக்ரோக்களும் வந்தார்கள். இன்னும் ஓரிருவர் இருக்கலாம்.

பத்து ஆண்டுகளுக்குப் பின், 1819-ல், வில்லியம் காபெட் என்ற ஆங்கிலப் பத்திரிகைக்காரர் அங்கே போனார். ஒரு காலத்தில் பெயினைக் கண்டபடி திட்டி எழுதியவர். பிற்பாடு மனம் மாறி, பெயினின் எலும்புகளைத் தோண்டி எடுத்து இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். பணம் வசூலித்து நினைவு மண்டபம் கட்டுவது அவர் எண்ணம். பணம் சேரவில்லை. 1835-ல் காபெட் இறக்கும் வரை எலும்புகள் அவரிடமே இருந்தன. அதற்குப் பின் கை மாறிக் கை மாறி, எங்கே போயின என்று தெரியாமல் போயிற்று.